பழைய கிட்டங்கி வீடும் நமது ஆரோக்கியமும்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்" என்று உடம்பைப் பேணச் சொல்லி நம் பெரியவர்கள் கூறுவார்கள். அந்தப் பழமொழியில் வரும் சுவர் நம் உடல்தான். ஆனால் யாங்கோன் நகரின் மையத்தில், குறிப்பாகப் பபேடானில் வாழும் நம் குடும்பங்களுக்கு அதை நேரடிப் பொருளிலும் எடுத்துக்கொள்ளலாம். குடியிருக்கும் வீட்டின் சுவர், கூரை, ஜன்னல், மாடிப்படி இவை நன்றாக இருந்தால்தான் நம் உடல்நலமும் நன்றாக இருக்கும்.

நம்மில் பலர் வசிப்பது வீடாகவே கட்டப்பட்ட கட்டடங்களில் அல்ல. ஒரு காலத்தில் கிட்டங்கியாகவும், சரக்குக் கிடங்காகவும், பட்டறையாகவும், கீழே கடையும் மேலே கூலியாட்கள் தங்கும் கூடமுமாகவும் இருந்த கட்டடங்கள் பின்னாளில் தடுக்கப்பட்டு வீடுகளாயின. இத்தகைய வீடுகளில் நோயின்றி வாழ என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை இந்த இதழின் நல்வாழ்வுப் பகுதியில் பார்ப்போம். வெளிநாடுகளில் பழைய ஆலைகளையும் கிடங்குகளையும் மாற்றியமைத்த அடுக்குமாடிகளில் வசிக்கும் நம் உறவினர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கிடங்கு வீடான கதை

இன்று நியூயார்க், லண்டன் போன்ற நகரங்களில் பழைய தொழிற்சாலைகளை வீடுகளாக மாற்றி, 'லாஃப்ட்' என்று பெயரிட்டு, நல்ல விலைக்கு விற்கிறார்கள். உயரமான கூரை, பெரிய ஜன்னல், திறந்த செங்கல் சுவர் ஆகியவை இவற்றின் கவர்ச்சி. ஆரம்பத்தில் இது வசதியானவர்களின் நாகரிகமாக இருக்கவில்லை. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் 1960களில் காலியாகக் கிடந்த தொழிற்கூடங்களில் குறைந்த வாடகைக்காகக் கலைஞர்கள் குடியேறினார்கள். மனிதர் வசிப்பதற்கான தீ பாதுகாப்பு முதலிய வசதிகள் அங்கே இல்லை. அவற்றைச் செய்து தர வேண்டிய கடமையைக் கட்டட உரிமையாளர் மீது சுமத்தி, 1982இல் நியூயார்க் மாநிலம் தனிச் சட்டமே இயற்றியது.

பபேடானுக்கு இது புதிதல்ல. கிழக்கே சூலே பகோடா சாலை, மேற்கே ஷ்வேடகோன் பகோடா சாலை என்ற எல்லைக்குள் அடங்கிய சிறிய வட்டம் இது. 1871இல் தமிழர்கள் எழுப்பிய காளி கோயில் இங்கேதான் இருக்கிறது. 1926இல் ஸ்காட் மார்க்கெட் என்ற பெயரில் கட்டப்பட்ட போஜோக் சந்தையும் இங்கேதான். இன்று ஷ்வேபோந்தா தெரு எனப்படும் அன்றைய மொகல் தெருவில் நகரத்தார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. கிட்டங்கி என்றால் கிடங்கு, கடை, தங்குமிடம் எல்லாம் ஒன்றாக அமைந்த நீண்ட கூடம். ஆளுக்கொரு பெட்டியும் கணக்குப் பலகையும் வைத்துப் பகலில் தொழில் நடத்தி, இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுப்பார்கள். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் இப்படிப்பட்ட கிட்டங்கிகள் இருந்ததைச் சிங்கப்பூரிலுள்ள நம் உறவினர்கள் அறிவார்கள்.

1931 மக்கள்தொகைக் கணக்கின்படி ரங்கூனில் சுமார் 4 லட்சம் பேர் இருந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் உழைத்த நம் முன்னோர் தங்கிய கூடங்களில் இடத்தைவிட ஆட்கள் அதிகம். அந்த நெரிசலுக்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 1905இல் பிளேக் நோய் ரங்கூனுக்கு வந்தது. காசநோயும் வயிற்றுப்போக்கும் எப்போதும் உடனிருந்தன. கட்டடத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நம் சமூகத்துக்குப் பழைய அனுபவம்தான்.

உயரமான கூரை ஏன்?

1852 போருக்குப் பின் புதிய ரங்கூன் நகருக்கான திட்டத்தை முதலில் வரைந்தவர் ஒரு மருத்துவர். சிங்கப்பூரில் பணியாற்றிய அனுபவமுள்ள டாக்டர் வில்லியம் மாண்ட்கோமரி வரைந்த அந்தத் திட்டத்தை, லெப்டினன்ட் அலெக்சாண்டர் ஃபிரேசர் மாற்றியமைத்து நிறைவேற்றினார். (இன்றைய அனவ்ரட்டா சாலையின் பழைய பெயர் ஃபிரேசர் தெரு.) நிலம் குறுகலாகவும் நீளமாகவும் பிரிக்கப்பட்டதால் கட்டடங்களும் அப்படியே அமைந்தன. நம் வீடுகளில் பல 12 அல்லது 13 அடி அகலமும் 50 அடி நீளமும் உள்ளவை. இருபக்கமும் பொதுச்சுவர். முன்னும் பின்னும் மட்டுமே ஜன்னல்.

இப்படிப்பட்ட நீண்ட குழாய் போன்ற வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் வருவதற்குப் பழைய கட்டடக்காரர்கள் கண்ட வழிதான் உயரமான கூரை. இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, காற்று. மனிதர் மூச்சாலும் அடுப்பாலும் சூடான காற்று இலேசாகி மேலே செல்கிறது. கதவுக்கு மேலுள்ள வெண்டிலேட்டர் வழியாக அது வெளியேறினால், அதே அளவு புதுக்காற்று கீழே ஜன்னல் வழியாக உள்ளே வரும். மின்விசிறி இல்லாமலே காற்றோட்டம் நடக்கும்.

இரண்டாவது, வெளிச்சம். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, ஏறக்குறைய அதன் இரு மடங்கு தூரத்துக்குப் பகல் வெளிச்சம் அறைக்குள் வரும் என்பது கட்டடக் கலையில் ஒரு பொதுக் கணக்கு. 13 அடி உயர ஜன்னலானால் 26 அடி தூரம் வெளிச்சம் கிடைக்கும். அதை 7 அடியாகக் குறைத்தால் 14 அடிக்கு அப்பால் பகலிலும் விளக்குப் போட வேண்டியதுதான்.

உயரமான கூரைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அறிவியலும் உறுதி செய்திருக்கிறது. பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் 8 மருத்துவமனைகளில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. ஜன்னலும் கதவும் திறந்திருந்த அறைகளில் மணிக்குச் சுமார் 28 முறை காற்று முழுமையாக மாறியது. இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் அது 12 முறையே. 1950க்கு முன் கட்டப்பட்ட, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட கட்டடங்களிலோ சுமார் 40 முறை மாறியது. சிகிச்சை பெறாத காசநோயாளிகளுடன் 24 மணி நேரம் இருந்தால் எத்தனை பேருக்குத் தொற்றும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறையில் 100க்கு 39 பேர். பழைய கட்டடத்தில் 100க்கு 11 பேர்.

மியன்மார் காசநோய்ச் சுமை மிகுந்த நாடுகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் நாடு. ஆகவே நம் பழைய கட்டடத்தின் உயரமான கூரையும் வெண்டிலேட்டரும் அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. செலவில்லாமல் கிடைத்த மருந்து என்றே சொல்ல வேண்டும்.

மருந்தை நாமே அடைத்து விடுகிறோம்

குடும்பம் பெருகும்போது இடம் போதாமல் போகிறது. கூரை உயரமாக இருப்பதால் நடுவில் மரத்தால் ஒரு பரண் தட்டு போட்டு, ஒரு வீட்டை இரண்டாக்குகிறோம். நீளவாக்கில் ஒட்டுப்பலகையால் தடுத்து, மூன்று நான்கு படுக்கையறைகள் செய்கிறோம். நடு அறைக்கு ஜன்னலே கிடையாது. பிறகு ஏசி மாட்டுகிறோம். குளிர் வெளியே போகாமலிருக்க வெண்டிலேட்டரை அட்டையால் மூடி விடுகிறோம். சாதாரண ஏசி இயந்திரம் அறையிலுள்ள அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. புதுக்காற்றை அது கொண்டு வருவதில்லை.

இதனால் பரண் மேல் படுப்பவருக்கு வீட்டின் வெப்பமும் சமையல் புகையும் சேர்கின்றன. கீழே படுப்பவருக்கு வெளிச்சமில்லை. ஒருவருக்குச் சளி வந்தால் அனைவருக்கும் வருகிறது. ஒருவருக்குக் காசநோய் இருந்தால் அதுவும் அவ்வாறே பரவுகிறது.

இடம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பரண் போடுபவர்கள் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

• பரணை வீட்டின் முழு நீளத்துக்கும் போடாமல், முன்ஜன்னல் பக்கம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் திறந்து விடுங்கள்.
• தடுப்புச் சுவரைக் கூரை வரை கொண்டு போகாதீர்கள். மேலே ஓரடியாவது இடைவெளி விட்டு, வேண்டுமானால் கம்பி வலை அடியுங்கள்.
• வெண்டிலேட்டர்களைத் திறந்து வையுங்கள். கொசு வராமலிருக்க வலை போதும்.
• ஏசி போடுபவர்கள் காலையிலும் மாலையிலும் அரை மணி நேரமாவது முன், பின் ஜன்னல்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது.
• முதியோரையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் ஜன்னலில்லாத நடு அறையில் படுக்க வைக்காதீர்கள். வீட்டின் சிறந்த காற்றோட்டமுள்ள இடம் அவர்களுக்குத்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல் இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். காசநோய் மறைக்க வேண்டிய நோயல்ல. சாதாரணக் காசநோய் ஆறு மாத மருந்தில் குணமாகும். பாதியில் நிறுத்தினால்தான் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறும் ஆபத்து உண்டு.

முன்பு இங்கே என்ன இருந்தது?

பெண் பார்க்கும்போது குலம் கோத்திரம் விசாரிக்கிறோம். பழைய கட்டடத்தில் வீடு வாங்கும்போது அதன் பூர்வீகத்தை விசாரிக்கிறோமா?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஹோபோக்கன் என்ற நகரில் நடந்ததைக் கேளுங்கள். பாதரச விளக்குகள் தயாரித்த பழைய தொழிற்சாலை ஒன்று லாஃப்ட் வீடுகளாக மாற்றப்பட்டது. குடும்பங்கள் ஆசையுடன் வாங்கிக் குடியேறின. பின்னர் தரையின் இடுக்குகளில் பாதரசம் துளித்துளியாகத் தேங்கியிருப்பது தெரிய வந்தது. குடியிருந்தோர் பலரின் சிறுநீரில் அளவுக்கு மேல் பாதரசம் காணப்பட்டது. 1996 ஜனவரியில் குழந்தைகள் உட்பட அனைவரும் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அந்தக் கட்டடமே இடிக்கப்பட்டது. பார்வைக்கு அழகான வீடு; விஷம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

நம் பகுதியில் அவ்வளவு பெரிய தொழிற்சாலைகள் இல்லாவிட்டாலும், அச்சகம், பேட்டரிக் கடை, நகைப் பட்டறை, சாயக் கடை, மருந்துக் கிடங்கு என்று பல தொழில்கள் இந்தக் கீழ்த்தளங்களில் நடந்திருக்கும். அச்சகத்தில் ஈய எழுத்து, பேட்டரியில் ஈயம், நகை வேலையில் அமிலமும் சில இடங்களில் பாதரசமும் புழங்கும். பக்கத்து வீட்டு முதியவரிடம் விசாரித்தாலே பாதி விவரம் கிடைத்து விடும்.

பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது சுவரில் ஒட்டியிருக்கும் வரை பெரிய ஆபத்தில்லை. உதிரும்போதும், புதுப்பிப்பதற்காக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும் தூளாகிக் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்குக் கிடையாது. எனவே பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நெருப்பால் சுட்டும் எடுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டி, குப்பையைப் பையில் கட்டி அகற்றுங்கள். வேலை முடிந்து தரையை ஈரத்துணியால் துடைக்கும் வரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ உடைக்கவோ வேண்டாம். அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது.

ஈரச் சுவர்

யாங்கோனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் கொட்டித் தீர்க்கும். இந்தக் கட்டடங்களின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை. சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கி, வெயிலில் திருப்பி விடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் சிமெண்ட் பூசி, ஆயில் பெயிண்ட் அடித்து, டைல்ஸ் ஒட்டினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். சில மாதங்களில் பெயிண்ட் கொப்புளம் கட்டும். கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் படரும்.

பூஞ்சணத்தின் நுண்துகள்கள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இழுப்பு, தும்மல், கண் அரிப்பு இவற்றை உண்டாக்கும். மழைக்காலம் வந்தாலே பிள்ளைக்கு வீசிங் வருகிறது என்றால், மருந்து வாங்குவதோடு பீரோவுக்குப் பின்னாலுள்ள சுவரையும் ஒருமுறை பாருங்கள்.

பூஞ்சணத்தின் மேல் பெயிண்ட் அடித்து மறைப்பது பயனற்றது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும். பெரும்பாலும் உடைந்த மழைநீர்க் குழாய், அடைபட்ட மொட்டைமாடி வடிகால், மேல்வீட்டுக் குளியலறை, சுவரில் முளைத்த ஆலங்கன்று இவற்றில் ஒன்றுதான் காரணம். ஆலும் அரசும் புனிதமானவைதான். ஆனால் மூன்றாம் மாடிச் சுவர் அவற்றுக்குரிய இடமல்ல. இளங்கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்து விடுங்கள். பீரோ, கட்டில்களைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். ஈரத் துணிகளை அறைக்குள் காயப் போடாதீர்கள். சிறிய அளவு பூஞ்சணத்தை முகக்கவசம் அணிந்து சோப்பு நீரால் துடைத்து நன்கு உலர விடலாம்.

புறா எச்சமும் இங்கே சேர்க்க வேண்டிய விஷயம். புறாக்களுக்குத் தீனி போடுவது புண்ணியம் என்று கருதும் ஊர் இது. ஆனால் உலர்ந்த எச்சத் தூள் நுரையீரல் நோய்களை உண்டாக்கக் கூடும். பால்கனியில் எச்சம் சேர்ந்தால் உலர்ந்தபடி பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து அள்ளுங்கள்.

சேமித்த தண்ணீரும் பின்சந்தும்

மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது. 2021க்குப் பிறகு மின்வெட்டு அதிகமானதால், நாம் எல்லோரும் டிரம்மிலும் வாளியிலும் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். டெங்குக் கொசுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்தக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. சுத்தமான தேங்கிய நீரில்தான் வளர்கிறது. முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாட்களே போதும். ஆகவே வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே, எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்த்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. பூஜையறைச் சொம்பு, பூச்சாடித் தட்டு, ஏசியின் வடிநீர் வாளி இவற்றையும் மறக்க வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூபன் வேண்டாம். இவை இரத்தக் கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்குவில் ஆபத்துக் காலம் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிடுதல் இவற்றைக் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குழாய்த் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். பழைய குழாய்களும் சாக்கடையும் பக்கம் பக்கமாகப் போகின்றன. தரைமட்டத் தொட்டியில் விரிசல் இருந்தால் மழையில் சாக்கடை நீர் கலந்து விடும்.

நம் வீடுகளின் பின்னாலுள்ள சந்துகள் துப்புரவுக்காகவும் காற்றுக்காகவும் விடப்பட்டவை. சிங்கப்பூரிலும் 1907இல் டாக்டர் சிம்சன் அளித்த சுகாதார அறிக்கை, முதுகோடு முதுகு ஒட்டிய கடைவீடுகளில் வெளிச்சமும் காற்றும் இல்லாததே நோய்க்குக் காரணம் என்று சுட்டிக் காட்டியது. அதன்பின் அங்கே பின்சந்துகள் திறக்கப்பட்டன. நாமோ இருக்கிற பின்சந்தில் மாடியிலிருந்து குப்பைப் பையை வீசி, எலிகளுக்கு விருந்து வைக்கிறோம். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் வெறுங்காலுடன் நடந்தால் எலிக்காய்ச்சல் வரும். பின்சந்தைச் சுத்தமாக வைக்க முடியாது என்பது உண்மையல்ல. 2010களின் பிற்பகுதியில் 'தோ எயின்' என்ற அமைப்பு, குடியிருப்போரையும் சேர்த்துக்கொண்டு நகர மையத்தின் சில பின்சந்துகளைத் தோட்டமாகவும் பிள்ளைகள் விளையாடும் இடமாகவும் மாற்றிக் காட்டியது.

ஜெனரேட்டர், பேட்டரி, தீ

ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்து விடும். ஜெனரேட்டரை வீட்டுக்குள், மாடிப்படிக்குக் கீழே, பால்கனியில், மூடிய பின்சந்தில் வைக்கவே கூடாது. கரி அடுப்பையும் மூடிய அறைக்குள் எரிக்க வேண்டாம். வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிப் படுத்து விடாதீர்கள். எல்லோரையும் உடனே வெளியே கொண்டு வாருங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியைப் பரணில் துணிமணிகளுக்கு நடுவே வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மின்சாரம் போகும்போது ஓடிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் இவற்றின் சுவிட்சை அணைத்து விடுங்கள். நள்ளிரவில் மின்சாரம் திரும்பும்போதுதான் பல விபத்துகள் நடக்கின்றன.

தீ விபத்தில் நம் வீடுகளின் மிகப் பெரிய குறை, ஒரே வழி. குறுகிய படிக்கட்டு ஒன்றுதான் உள்ளது. திருட்டுக்குப் பயந்து பால்கனிக்கு இரும்புக் கிராதி போட்டுப் பூட்டி விடுகிறோம். திருடன் உள்ளே வர முடியாத வீட்டிலிருந்து நாமும் வெளியேற முடியாது. கிராதியில் ஒரு பகுதியாவது திறக்கும்படி இருக்கட்டும். அதன் சாவி அருகிலேயே, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கட்டும். பரணில் படுப்பவர்கள் இரவில் இருட்டில் இறங்கிப் பழக வேண்டும். புகை மேலேதான் முதலில் சேரும் என்பதால் அவர்களுக்குத்தான் நேரம் குறைவு. படிக்கட்டில் சைக்கிள், மூட்டை, பழைய பலகை எதையும் வைக்காதீர்கள்.

மாடிப்படியும் நம் பெரியவர்களும்

இதுவே நாம் அதிகம் பேசாத, ஆனால் பல குடும்பங்களில் நடந்துகொண்டிருக்கும் துயரம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்காம் மாடியில் வசிக்கும் பாட்டிக்கு முழங்கால் வலி வருகிறது. முதலில் சந்தைக்குப் போவது நிற்கிறது. பிறகு கோயிலுக்குப் போவது நிற்கிறது. இரண்டாண்டுகளில் அவர் கீழே இறங்குவதே இல்லை. பால்கனியிலிருந்து தெருவுக்குக் கயிறு விட்டுப் பத்திரிகையும் காய்கறியும் மேலே இழுத்துக் கொள்ளும் நம் ஊர் வழக்கம் வசதியானதுதான். ஆனால் வெயிலையும், நடையையும், நாலு பேருடன் பேசும் பேச்சையும் கயிற்றில் கட்டி மேலே இழுக்க முடியாது.

வெயில் படாததால் வைட்டமின் டி குறைந்து எலும்பு பலவீனமாகும். நடக்காததால் தசை கரைந்து விழும் வாய்ப்பு அதிகமாகும். தனிமையால் மனச்சோர்வு வரும்; மறதியும் கூடும். வயதாகி விட்டது என்று நாம் விட்டு விடுவதில் பாதி, உண்மையில் மாடிப்படியால் வந்தது.

• படியின் இருபுறமும் கைப்பிடி போடுங்கள். பழைய படிகள் செங்குத்தானவை. இறங்கும்போதுதான் அதிகம் விழுகிறார்கள்.
• ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளைக் கோடு அடியுங்கள். மின்வெட்டிலும் எரியும் சோலார் விளக்கைப் படி வளைவுகளில் மாட்டுங்கள்.
• ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும், வழியை அடைக்காமல், சுவரில் மடக்கும் பலகை ஒன்று பொருத்தினால் உட்கார்ந்து ஏறலாம்.
• பெரியவர்களை வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது யாராவது ஒருவர் கைப்பிடித்துக் கீழே அழைத்து வாருங்கள். அது முடியாதவர்களைத் தினமும் காலை வெயிலில் பால்கனியில் உட்கார வையுங்கள்.
• கீழ்த்தளத்திலோ முதல் மாடியிலோ உள்ள உறவினருடன் வீட்டை மாற்றிக் கொள்ள முடியுமா என்று யோசியுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

இன்னொன்றையும் இப்போதே திட்டமிட வேண்டும். நெஞ்சுவலி வந்தவரையோ பக்கவாதம் வந்தவரையோ படியில் நடத்திக் கூட்டி வரக் கூடாது. யாங்கோன் பொது மருத்துவமனை போஜோக் சாலையிலேயே, நமக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் நான்காம் மாடியிலிருந்து தெருவுக்கு இறங்குவதுதான் நீண்ட பயணம். கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலி ஒன்றும், தூக்க வரக்கூடிய நான்கு பேரின் தொலைபேசி எண்களும் தயாராக இருக்கட்டும். படியின் திருப்பத்தில் அந்த நாற்காலி திரும்புகிறதா என்று ஒருமுறை பார்த்து வையுங்கள்.

நிலம் அதிர்ந்தால்

2025 மார்ச் 28ஆம் தேதி சாகாயிங், மாண்டலே பகுதிகளைச் சிதைத்த 7.7 அளவு நிலநடுக்கத்தை மறக்க முடியாது. யாங்கோனுக்கும் அந்த அபாயம் உண்டு. 1930 மே 5ஆம் தேதி பெகுவை அழித்த நிலநடுக்கத்தில் ரங்கூனிலும் ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள். கடையை விரிவாக்குவதற்காகக் கீழ்த்தளச் சுவரை எடுப்பது மேலே வாழும் அனைவரின் உயிரோடும் விளையாடுவதாகும். அதிர்வு வந்தால் உறுதியான மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொண்டு இருங்கள். அதிரும்போதே தெருவுக்கு ஓடினால், பழைய பால்கனியும் கைப்பிடிச் சுவரும் தலையில் விழும் ஆபத்து உண்டு.

எல்லோருக்கும் பொதுவான வேலை

மேலே சொன்னவற்றில் பாதியை ஒரு குடும்பமே செய்துகொள்ளலாம். மறுபாதி கூரை, வடிகால், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, பின்சந்து பற்றியவை. இவை எல்லோருக்கும் சொந்தம். அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குத் தெரியாததல்ல. ஒரு படிக்கட்டைப் பயன்படுத்தும் குடும்பங்கள் எட்டோ பத்தோதான். மாதம் ஒருமுறை கூடிப் பேசி, சிறுதொகை சேர்த்தால், மழைக்கு முன் வடிகாலைச் சுத்தம் செய்யலாம், படிக்கு விளக்குப் போடலாம், தொட்டியைக் கழுவலாம். நம்முடன் வசிக்கும் பர்மிய, சீன, முஸ்லிம் குடும்பங்களையும் அழையுங்கள். காற்றுக்கும் கொசுவுக்கும் இன வேறுபாடு தெரியாது.

இந்த வாரமே தொடங்கக் கூடியவை ஐந்து:

1. அடைத்து வைத்த வெண்டிலேட்டரைத் திறங்கள்.
2. தண்ணீர்ப் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவுங்கள்.
3. பீரோவுக்குப் பின்னால் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.
4. கிராதிச் சாவியை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டுங்கள்.
5. மாடியில் இருக்கும் பெரியவரை ஒருமுறை கீழே அழைத்து வாருங்கள்.

இந்தக் கட்டடங்கள் நூறாண்டு தாண்டியும் நிற்பதற்குக் காரணம், கட்டியவர்கள் காற்றையும் மழையையும் வெப்பத்தையும் அறிந்து கட்டினார்கள் என்பதே. அவர்கள் விட்ட ஜன்னலை நாம் அடைக்காமல் இருந்தாலே பாதி நோய் வாசலோடு போய்விடும். இங்கே கூறியவை பொதுவான ஆலோசனைகளே. நோய் அறிகுறி உள்ளவர்கள் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.